பதினோராம் எண் கூண்டு

"கடல் எங்கே, ஒரகடம் எங்கே! நாள்தோறும் கடல் வானிலையைத் தேடிப் படிக்கிறீர்களே, அங்கே உங்களுக்கு என்ன வியாபாரம்?" ஜும்ஆ முடிந்து வெளிவருகையில் நண்பரொருவர் நம்மை இப்படிக் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதி, கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. இங்கே கண்ணில் படுவன தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களும், ஷிப்டு மாறும் வேளையில் வரிசையாய் வந்து நிற்கும் கம்பெனி பஸ்களும், புதுக் கார்களை இரண்டடுக்காய் ஏற்றிக்கொண்டு துறைமுகம் நோக்கி விரையும் பெரிய லாரிகளுமே.

ஆனால் அந்த லாரிகள் போய்ச் சேரும் துறைமுகத்துக்கு அப்பால்தான் நம் உள்ளம் அலைந்துகொண்டிருக்கிறது. நம் மகன் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். மருமகப்பிள்ளையோ சரக்குக் கப்பலில் பணிபுரிகிறார். மகளும் பேரக்குழந்தையும் நம்மோடு இருக்கிறார்கள். குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென்மேற்கு வங்கக்கடல் என்ற பெயர்கள் பிறருக்கு வெறும் செய்தி. நம் வீட்டில் அவை மருமகப்பிள்ளையின் முகவரி.

நாம் பிறந்தது காயல்பட்டினத்தில். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிப் பழகிய ஊர் அது. வாடை பிறந்தால் எந்தத் திசைக்குப் பாய் விரிப்பது, கச்சான் எழுந்தால் எப்போது ஒதுங்குவது என்பதை நம் மரக்காயர் முன்னோர் ஏட்டில் படித்தறியவில்லை. தந்தை மகனுக்குச் சொல்ல, மகன் பேரனுக்குச் சொன்னான். பருவக்காற்றுக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'மான்சூன்' என்ற சொல்லே, பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு மாலுமி அஹ்மது இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் புறப்படலாம் என்பதையெல்லாம் தமது நூலில் விரித்து எழுதிவைத்தார். தாம் அறிந்ததைத் தம்மோடு மண்ணில் மறைய விடாமல், பின்னால் வரும் மாலுமியின் கையில் ஒப்படைத்துச் சென்றார் அவர்.

இன்று அந்தப் பணியை அரசுத் துறைகள் செய்கின்றன. உலகக் கடல்கள் 21 வானிலைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எட்டாம் பகுதியின் வடபாகத்துக்கு அறிக்கை வழங்கும் பொறுப்பு, 1875இல் தொடங்கப்பெற்ற இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்தது. கரையிலிருந்து 75 கிலோமீட்டர் வரை ஓர் அறிக்கை. அதற்கப்பால் ஆழ்கடலுக்கு வேறோர் அறிக்கை. காற்றின் திசை, வேகம், அலையின் உயரம், பார்வைத் தெளிவு ஆகியவற்றை அவை எடுத்துரைக்கும். அலை இரண்டரை மீட்டருக்கு மேல் நான்கு மீட்டர் வரை எழுந்தால் கடல் கொந்தளிப்பு. ஆறு மீட்டர் வரை எழுந்தால் பெருங்கொந்தளிப்பு. காற்று 34 கடல்மைல் வேகத்தை எட்டினால், அதாவது மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டரைத் தொட்டால், தாழ்வு மண்டலம் 'புயல்' என்னும் பெயர் பெறும்.

வெப்பமண்டலக் கடலின் வானிலையைக் கணிப்பது எளிதன்று. குளிர்நாடுகளில் காற்றழுத்தமானி வெகுவாக ஏறி இறங்கி முன்கூட்டியே சேதி சொல்லிவிடும். நம் கடல்களிலோ, தெளிந்த நாளிலும் காலை பத்து மணியளவில் ஏறி மாலை நான்கு மணியளவில் இறங்குவது அதன் வழக்கம். புயலுக்கு முன் தோன்றும் சிறு மாறுதல் இந்த ஏற்ற இறக்கத்தினுள் மறைந்துபோகும். மேலும் நடுக்கடலில் வானிலை நிலையம் ஏது? கப்பல்கள் அனுப்பும் குறிப்புகளையே பெரிதும் நம்பியிருந்த காலம் ஒன்றுண்டு. இப்போது செயற்கைக்கோள்களும், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடலில் நிறுத்தியிருக்கும் மிதவைகளும் அந்தக் குறையைப் பெருமளவு போக்கியுள்ளன. ஆக, அறிவு வளர்ந்திருக்கிறது. அந்த அறிவு உரியவரிடம் போய்ச் சேருகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதை நம்மையே கேட்கவைத்தது 2023 டிசம்பர்.

அம்மாதம் 3ஆம் நாள் மாலை மருமகப்பிள்ளை பேசினார். "மாமா, துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஆழ்கடலுக்குப் போகிறோம். மாமியிடம் பக்குவமாய்ச் சொல்லுங்கள்" என்றார். புயல் வரும்போது கடலுக்குள் போவதா என்று மகள் அழுதாள். கட்டிவைத்த கப்பலைத்தான் அலை தூக்கிச் சுவரில் மோதும். விலகிச் செல்ல இடமுள்ள ஆழ்கடலே கப்பலுக்குப் பாதுகாப்பு என்று அவளுக்கு எடுத்துச் சொன்னோம். பிறகு நள்ளிரவு வரை மிக்ஜாம் புயல் நிற்கும் இடத்தையும், அது நகரும் திசையையுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே அறிக்கையில் தரைக்கும் எச்சரிக்கை இருந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் மறுநாள் விடுமுறை என்று அரசு அறிவித்திருந்தது. அதையும் நாம் படித்தோம். படித்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிட்டோம். நம் வீட்டின் கீழ்த்தளத்து அறையில் ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்கள் நால்வர் தங்கியிருந்தனர். தமிழ்ச் செய்தி அவர்களுக்கு விளங்காது. நான்கு படி இறங்கி, "தம்பிகளா, சாமான்களை மேலே எடுத்து வையுங்கள்" என்று சைகையாலாவது நாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரவு மழை அடர்ந்தது, மின்சாரம் நின்றது. விடிகையில் தெருவெல்லாம் வெள்ளம். புயல் கரையை ஒட்டியே வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்து, 5ஆம் நாள் பிற்பகலில்தான் ஆந்திரத்துப் பாபட்லா அருகே கரை கடந்தது. கீழறையில் இடுப்பளவு தண்ணீர். அந்தப் பிள்ளைகள் நனைந்த உடையோடு நம் கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். ஒருவன் கையில் மாவாய்க் கரைந்துபோன ஒரு காகிதக் கட்டு. தொழிற்பயிற்சிச் சான்றிதழ்கள் என்று பிறகு அறிந்தோம். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. உம்மா வைத்த கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு நம் மகள் கொடுத்த துண்டால் ஒவ்வொரு தாளாய் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

கைப்பேசிகள் இரண்டு நாள் உயிரற்றுக் கிடந்தன. 6ஆம் நாள் காலை உயிர் பெற்றபோது, மருமகப்பிள்ளையின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "மாமா, நீங்கள் எல்லாரும் நலமா?" ஆழ்கடலில் இருந்தவருக்குச் செயற்கைக்கோள் வழியே அறிக்கை தவறாமல் வந்துகொண்டிருந்தது. புயல் எங்கே நிற்கிறது என்பதை அவர் அறிவார். நம் வீடு நிற்கிறதா என்பதைத்தான் அறியார். கடலில் இருந்தவர் நலம். தரையில் இருந்த நாமே காணாமற்போயிருந்தோம்.

புயல் நாட்களில் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நாமனைவரும் செய்தியில் கேட்கிறோம். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பெரும் அபாயத்தைக் குறிப்பவை. பத்துக்கும் மேலே பதினொன்று எதற்கு? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. பெரும் அபாயத்துக்கும் அடுத்த படியில், சேதி அற்றுப்போவதை வைத்தார்கள் அந்த முறையை வகுத்தவர்கள்.

அந்தப் பதினோராம் எண்ணின் பொருளைக் கண்ணீரோடு கற்றவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் குடும்பத்தார். 2017 நவம்பர் 29இல் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாய்த் தோன்றியது, மறுநாள் காலைக்குள் ஒக்கிப் புயலாய் மாறிவிட்டது. கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. ஆனால் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த விசைப்படகுகளுக்கு அதை எடுத்துச் செல்ல வழியில்லை. அவர்களிடம் இருந்த கம்பியில்லாக் கருவியின் குரல் அத்தனை தொலைவு எட்டாது. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர் வீடு திரும்பவில்லை.

அதன் பின்னர் வழி பிறந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைப்பேசிக்குத் தரும் 'ஜெமினி' என்னும் கருவி 2019இல் வெளியிடப்பட்டது. அது கேட்கும், பேசாது. படகிலிருந்தும் கரைக்குச் சேதி அனுப்பவல்ல கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது.

எனினும் கருவியால் மட்டும் தீர்வதன்று இது. 2024 மே 6ஆம் நாள் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். புயலும் இல்லை, மழையும் இல்லை. தொலைதூரத் தென்கடலில் எழுந்து நாட்கணக்கில் பயணம் செய்து வந்து திடீரெனக் கரையேறும் 'கள்ளக்கடல்' அது. அதற்கும் எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது. அந்த இளம் உயிர்களைக் காக்கும் வகையில் அது போய்ச் சேரவில்லை.

அடுத்தவருக்குரிய பொருள் நம் கையில் இருந்தால் அதை அமானிதம் என்கிறோம். உரியவரிடம் சேர்க்கும்வரை நமக்கு உறக்கம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். பொன்னும் பணமும் மட்டுமா அமானிதம்? நாம் படித்தறிந்த ஓர் எச்சரிக்கையும், அதை அறியாதவனுக்குரிய அமானிதமே. அன்றிரவு நான்கு படி இறங்காமல் அதை நாம் கையிலேயே வைத்துக்கொண்டோம்.

இப்போது கீழறையில் வேறு இளைஞர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் கடலைப் பார்க்கப் புறப்படுவார்கள். கடலே இல்லாத ஊர்களில் பிறந்தவர்கள். அலையைக் கண்டால் ஓடி இறங்குவார்கள். அவர்கள் கிளம்புமுன் நாம் கீழே போய் அன்றைய கடல் அறிக்கையைச் சொல்லிவிடுகிறோம். நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியைக் கேட்டு அவர்கள் சிரிப்பதுண்டு. சிரித்தபடியே, "சரி, சாச்சா" என்று தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். நண்பரே, கடலோடு நமக்குள்ள வியாபாரம் இதுதான்.