மஞ்சள் வயரும் பச்சைத் துளையும்

மும்பையில் அனலாக் கேபிள் டிவி 2012 அக்டோபர் 31 நள்ளிரவோடு போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கு டிவியில் புள்ளி புள்ளியாக 'கொசு' பறந்த கதை தெரியாது. ஆனால் பீரோவுக்குள் வி.எச்.எஸ். கேசட் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் தலைவலி இன்னும் தீரவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது 1996-ல் மாட்டுங்காவில் நடந்த அக்கா கல்யாண கேசட். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த பாட்டி, அதற்கப்புறம் இந்த ஊருக்கு வரவேயில்லை. அவள் நடப்பதும் பேசுவதும் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. தாராவியில் சித்தப்பா வீட்டுப் பரணில் வி.சி.ஆர். கிடைத்தது. செம்பூர் ஃபிளாட்டுக்குத் தூக்கி வந்தேன். (புதுசு வாங்க முடியாது. கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016-ல் நிறுத்திவிட்டது.)

படம் வந்தது, கறுப்பு வெள்ளையில்! கூடவே ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக மேலே ஊர்ந்தது. வந்து பார்த்த மெக்கானிக், "டேப் போச்சு சார், தூக்கிப் போடுங்க" என்றார்.

பி.காம். படித்தவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால் லெட்ஜரைக் கிழித்துப் போடுவதில்லை, ஒவ்வொரு என்ட்ரியாகப் பார்ப்போம். இங்கேயும் அதேதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் கலர். இப்போதைய டிவிகள் பலவற்றில் மஞ்சள் வயரைச் செருகத் தனித்துளை கிடையாது. பச்சைத் துளையே காம்போனென்டுக்கும் ஏ.வி.க்கும் பொது. டிவி அதை காம்போனென்ட் என்று எடுத்துக்கொண்டால் வெளிச்சத்தை மட்டும் காட்டும், கலரை விட்டுவிடும். மெனுவில் ஏ.வி. என்று மாற்றியதும் பாட்டியின் அரக்குப் புடவை அரக்காகவே வந்தது! அப்படியும் கலர் வராவிட்டால் 'கலர் சிஸ்டம்' பாருங்கள். நம் ஊர் கேசட்டுக்கு பால் (குடிக்கிற பால் இல்லை), அமெரிக்க உறவினர் அனுப்பியதற்கு என்.டி.எஸ்.சி.

அடுத்து அந்தப் பட்டை. நம் கரண்டுக்கு வினாடிக்கு 50 சுற்று. பால் முறையிலும் வினாடிக்கு 50 அரைப்படம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அச்சு அசலாக ஒன்றல்ல. அதனால்தான் பட்டை ஓடாமல் ஊர்கிறது. சத்தத்துக்காக வி.சி.ஆரோடு சேர்த்திருந்த ஆம்ப்ளிஃபையர் வீட்டு எர்த்தில் இருந்தது, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் வயர் வேறெங்கோ எர்த் ஆகியிருந்தது. இரண்டுக்கும் நடுவே மஞ்சள் வயர் வழியாகக் கரண்டு கசிந்தது. கேபிள் வயரைக் கழற்றியதும் பட்டை காணோம். இதற்காக ப்ளக்கின் மூன்றாவது முள்ளைப் பிடுங்கிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும்!

அடியில் கோடு கோடாக வந்தால் ட்ராக்கிங். ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் 4:3 வைத்துவிடுங்கள். படம் நடுங்கினால் ஆடியோ வயரை விட்டு 75 ஓம் வீடியோ வயர் போட்டுப் பாருங்கள். ஆன்டெனா வழி இணைப்பு வேண்டவே வேண்டாம், அதில்தான் கொசு அதிகம்.

இவ்வளவும் செய்தாலும் வி.எச்.எஸ். சுமார் 240 கோடு விவரம்தான் தரும். மொபைல் வீடியோ போல எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றே ஒன்று. கேசட் ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை, மும்பை மழையின் சீதனம். அப்படியே ஓட்டினால் ஹெட்டும் கெடும், டேப்பும் அறுந்துவிடலாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டாக இருந்தால் யூ.எஸ்.பி. கேப்சர் கருவி வாங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு காப்பி வையுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று ஊரில்.