தோலும் பாசியும் மிலாறுப் புகையும்

ஆடி மாதம் கச்சான் காற்று எழும்பினால் பதுளைப் பக்கத்து மலைகளின் வாசனையே மாறிப்போகும். மழையையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வறண்டு வருகிற காற்று அது. ஹப்புத்தளை உச்சியைத் தாண்டி இறங்கி நமுனுகுல வரைக்கும் அடிக்கும். தேயிலைக்கு அது கஷ்டகாலம். கொழுந்து சிறுத்துவிடும், கூடை நிறையாது, ஆனால் இலையில் மணம் ஏறும். ஜூலை முதல் செப்டம்பர் வரை எடுக்கிற அந்தக் கொழுந்தால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பேர். வலிக்குத் தடவுகிற தைலத்தில் இருக்கும் மெத்தில் சலிசிலேட் அந்த இலையிலும் உண்டு. கோப்பையைக் கிட்டக் கொண்டுபோனாலே மூக்கில் குளிர்ச்சியாக ஏறும். அந்த மாதங்களில் ஸ்டோர்ப் பக்கம் போய்வந்தால் வாட்டுக்குப் போட்ட இலையின் பச்சை வாடையும் அடுப்பில் காய்ந்த தூளின் வாடையும் சட்டையோடு காம்பராவுக்கு வந்துவிடும். லயத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு முந்தி மூக்கு திறந்துவிடும் என்று அம்மாயி சொல்லும்.

என் மூக்கு முதன்முதலில் பிடித்து வைத்துக்கொண்ட வாசம் தப்பு என்ற தோல் பறையினுடையது. பசறைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் தாத்தா தப்படிக்கிறவர். விடியுமுன், வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்கு ஆட்களை எழுப்புகிற தப்பு அவருடையது. ராத்திரிப் பனியில் தோல் தொய்ந்துபோயிருக்கும். அப்படியே அடித்தால் சத்தம் செத்து விழும். அதனால் எழுந்ததும் முதல் வேலை நெருப்பு மூட்டுவது. கவ்வாத்து வெட்டிக் காய்ந்த மிலாறை இஸ்தோப்புக்குக் கீழே குவித்துப் பற்றவைத்து, தப்பைச் சாய்வாகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். இடையிடையே நடுவிரலால் ஒரு சுண்டு. காது திருப்திப்பட்டால்தான் சுண்டுக்குச்சியையும் அடிக்குச்சியையும் கையில் எடுப்பார். அந்த நேரத்தில் தோலிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். கன்றுத்தோலின் கொழுப்பு லேசாகக் கருகுகிற வாசம், தோலைச் சட்டத்தோடு ஒட்டிய புளியங்கொட்டைப் பசையின் புளிப்பு, மிலாறுப் புகை, தாத்தா போர்த்திய கம்பளியின் ஈரம். நான் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு குளிர் காய்வேன்.

அந்த வாசம் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் அடைபட்டு விற்பனைக்கு இருக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் தாத்தா சிரித்திருப்பார். சவூதிக்கு வேலைக்குப் போய்வந்த சித்தப்பா மகன் ஒருமுறை அராமிஸ் என்ற சென்ட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். மணிக்கட்டில் தெளித்துப் பார்த்தேன். முதலில் மாசிப்பத்திரியைக் கசக்கியது மாதிரி ஒரு கசப்பு, அதோடு எலுமிச்சை இனத்துத் தோலின் காரம். கொஞ்ச நேரத்தில் சீரகம், அதுவும் வேர்வையோடு கலந்த சீரகம். இதையா காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அடியிலிருந்து தோலும் புகையும் ஈரப்பாசியும் மேலே வந்தன. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். தாத்தா செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அந்த மணத்தின் பூர்வீகத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 1917இல் பிரான்சுவா கோத்தி சைப்ரஸ் தீவின் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டி ஷிப்ர் என்றொரு வாசனையை விற்பனைக்கு விட்டார். மேலே பெர்கமாட் என்ற எலுமிச்சை இனத்துப் பழத்தோலின் எண்ணெய், அடியில் லாப்டனம் என்ற பிசின், கூடவே ஓக் மரத்தில் படர்கிற பாசி. அந்தக் கட்டுமானத்துக்கே ஷிப்ர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதோடு தோல் வாசத்தைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். பெர்னார் ஷான் என்ற பிரெஞ்சு வாசனைக் கலைஞர் 1959இல் பெண்களுக்காகக் கபோஷார் என்ற சென்ட்டைச் செய்தார். அதே கைதான் 1960களின் நடுவில் எஸ்டே லாடர் நிறுவனத்துக்காக ஆண்களுக்கு அராமிஸைச் செய்தது. தோல் வாசத்துக்காக இந்த வகைச் சென்ட்டுகளில் நிஜத் தோலைப் போடுவதில்லை. ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற ரசாயனம் அந்த வேலையைச் செய்யும். அதற்கு முந்திய காலத்தில் பேர்ச் மரப்பட்டையைச் சுட்டு வடித்த தாரைச் சேர்த்தார்கள். பட்டையைச் சுட்ட புகையும் தோலும் சேர்ந்தால் உண்டாகிற வாசம் அது என்று படித்தபோது, லயத்து வாசலில் குந்தியிருந்த தாத்தாதான் கண்ணில் நின்றார். பேர்ச் மரத்துக்குப் பதில் அவரிடம் மிலாறு இருந்தது.

பாசியும் எங்களுக்குப் புதிதில்லை. கவ்வாத்து முடிந்த மலையில் மொட்டையாக நிற்கிற தேயிலைச் செடிகளின் அடிக்கட்டையில் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுக்க ஆட்களை விடுவார்கள். சுரண்டினால்தான் புதுத் தளிர் ஒழுங்காக வெடிக்கும். அம்மா அந்த வேலைக்குப் போன நாட்களில் நகக்கண்ணெல்லாம் பச்சையாகத் திரும்பிவரும். பீலியில் எத்தனை தேய்த்துக் கழுவினாலும் சோறு பிசைந்து ஊட்டும்போது அந்த மண்வாடை விரலில் இருக்கும். அதே காலத்தில் பால்கன் நாடுகளின் காடுகளிலும் ஏழைச் சனங்கள் ஓக் மரத்துப் பாசியைச் சுரண்டி மூட்டை கட்டியிருக்கிறார்கள். அது பிரான்சின் தெற்கே கிராஸ் நகரத்துக்குப் போய்ச் சாறாக இறங்கிச் சீமான்களின் கழுத்துக்கு ஏறியது. அம்மா சுரண்டிய பாசி செடியடியிலேயே கிடந்து உரமானது. இரண்டு இடத்திலும் குனிந்த முதுகுகள் ஒன்றுதான்.

முதுகு என்றதும் மாமா வருகிறார். அம்மாவின் அண்ணன், தோட்டத்து மேலாளரான பெரியதொரையின் பங்களாவில் வேலை. விடிகாலையில் தொரையின் சப்பாத்தைத் துடைத்து வரிசையில் வைப்பதில் தொடங்கும் அவருடைய நாள். தொரையின் அறை மேசையில் ஒரு பழுப்புநிறக் குப்பி இருந்ததாம். மேசையைத் துடைக்கலாம், குப்பியைத் தொடக்கூடாது. “தொர வாறதுக்கு முந்தி அவரோட வாசம் வந்துரும். வாசம் வந்தா நாங்க எந்திரிச்சு நின்னுருவோம்” என்பார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது தொரை புறப்பட்டுப் போனார். குப்பையில் போட்டிருந்த காலிக்குப்பியை மாமா எடுத்துத் தன் தகரப்பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்தார். தன் கல்யாணத்தன்று அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுத்தில் தடவிக்கொண்டதாக அத்தை சொல்லும்.

அராமிஸ் கடைக்கு வந்த அந்த 60களின் நடுவில்தான் எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்தைப் பங்குபோட்டார்கள். 1948இல் பறித்த குடியுரிமைக்குத் தீர்வு என்று 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேருக்கு முடிவு பிறகு. தாத்தாவின் தம்பிக்கு இந்தியா விழுந்தது. 1924இல் வெள்ளைக்காரன் பதுளைவரைக்கும் போட்ட தண்டவாளம் தேயிலைப் பெட்டியை இறக்கியது போலவே ஆட்களையும் இறக்கியது. கோச்சி புறப்படும்போது மேடையில் எழுந்த அழுகையால் சனங்கள் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வைத்திருந்தார்கள். சின்னத்தாத்தா பெட்டியைத் தலையிலும் தப்பைத் தோளிலும் போட்டுக்கொண்டு ஏறினார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில், கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் மலை, அங்கேயும் மிலாறு.

அவருடைய பேரனை இப்போது போனில் பிடிக்க முடிகிறது. அவனும் இந்தச் சென்ட் போடுகிறான். கோத்தகிரிக் குளிருக்கு அருமையாக நிற்கிறதென்றும், கோயம்புத்தூர் வெயிலுக்குப் போட்டுப் போனால் சீரகம் மட்டும் முன்னால் வந்து பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருகிறார் என்றும் சொல்கிறான். பதுளையில் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவருக்கு அதில் சவர்க்காரம்தான் தெரிகிறது. குளித்துத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற சுத்தம் அது என்பார். என் மனைவிக்குப் பழைய பெட்டியைத் திறந்த வாசம். கனடாவில் இருக்கும் மருமகப்பிள்ளை இளவட்டம். வயதானவர்கள் போடுகிறது என்று ஒதுக்கி வைத்திருந்தவன், பனிக்காலத்தில் கம்பளிக் கோட்டின் கழுத்தில் ஒட்டியிருந்து மூன்றாம் நாளும் மணக்கிறது என்று இப்போது ஆச்சரியப்படுகிறான். ஒருவருடைய உடம்புச் சூட்டில் தோல் முன்னால் வருகிறது, இன்னொருவருக்குப் பச்சோலி இலையின் மக்கல் வாசம் முன்னால் வருகிறது. போடுகிறவரின் பிறப்பும் வளர்ப்பும் சேர்ந்துதான் மணத்தை முடித்துவைக்கின்றன.

பழைய குப்பி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு: இப்போது வருவதில் அந்த அடிப்பாசி இல்லை என்று. காரணம் இருக்கிறது. ஓக் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு சேர்மங்கள் சிலருடைய தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடைசெய்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை கலந்த சரக்கு அங்கே கடையில் இருக்கக்கூடாது. அதற்கு முன்பே வாசனைத் தொழில்காரர்களின் சங்கம் பாசியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தது. இப்போது அந்தச் சேர்மங்களை நீக்கிய பாசிச் சாறும் செயற்கைப் பொருள்களும் அந்த இடத்தை நிரப்புகின்றன. தோலுக்கு நல்லதுதான். ஆனாலும் பழையதையும் புதியதையும் இரண்டு மணிக்கட்டிலும் தடவி முகர்ந்தால், புதியதில் தோலுக்குக் கீழே நிலம் கொஞ்சம் குறைந்திருப்பது தெரிகிறது. எங்கள் தோட்டத்துத் தப்புக்கும் அப்படியொரு காலம் வந்துவிட்டது. பிரட்டுக்கு எழுப்பத் தப்பு வேண்டியதில்லை. மாசி மாதக் காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் எடுக்கிறார்கள். சில இடங்களில் பிளாஸ்டிக் முகம் போட்ட தப்பு வந்துவிட்டது. அதற்கு நெருப்பும் வேண்டாம், வாசமும் இல்லை.

தோல் தப்பின் வாசத்தை எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. தாத்தா கூத்தில் அடித்து ஊரையே ஆடவைத்த இரவு முடிந்ததும், மற்ற வீட்டு இஸ்தோப்பில் அவருக்குச் செம்பில் தண்ணீர் கிடைக்காது. எங்கள் லயம் கடைசி லயம். செத்த மாட்டின் தோலை உரித்துக் காயவைத்துப் பதப்படுத்துகிற கை என்பதால் அந்தக் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. அதே தோல், அதே புகை, பங்களாவில் ஆணையாக மணத்தது. லயத்தில் இழிவாக நாறியது.

மாமாவுக்கு எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது என் மணிக்கட்டை அவர் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க, எழுந்து நின்றுவிட்டார். “தொர வாசம்டா மருமவனே” என்றார். தொரை போய் நாற்பது வருசத்துக்கும் மேலாகியும் அவர் உடம்பு மறக்கவில்லை. தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். “மாமா, நல்லா மோந்து பாருங்க. இது எங்க தாத்தா தப்பு காய்ச்சுற வாசம்” என்றேன். என் கையை இழுத்துக் கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார். “ஆமா, தோலு காயுது” என்றார். பிறகு தாத்தா காமன் எரிக்கிற இரவில் அடித்த அடியை, ஒவ்வொரு தாளமாக, நாற்காலியின் கையில் தட்டிக் காட்டினார். அன்று சாயங்காலம் முழுக்க மாமா வாயில் தொரையின் பேச்சே வரவில்லை.

அதனால் பதுளைப் பக்கத்தில் இன்றைக்குத் தப்பு எடுக்கிற பிள்ளைகளைக் கண்டால் ஒன்று சொல்வேன். அடித்து முடித்ததும் யாருக்கும் பயந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவாதீர்கள். அந்த வாசத்தைச் செய்துகாட்டியதற்காகப் பெர்னார் ஷான் என்ற மனிதரை உலகம் பேர் சொல்லிக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், அவருடைய கை பெரிய கை. அதே மரியாதைக்கு உங்கள் பாட்டன்களும் உரியவர்கள். அவர்கள் பேரைக் கேட்டு எழுதி வையுங்கள், தப்பின் சட்டத்திலேயே எழுதி வையுங்கள்.