விளக்கும் மனச்சாட்சியும்



நம் இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடும் பழைய மொரிஸ் மைனர் 1000 காரை அறிவீர்கள். சாவியைத் திருப்பியதும் ஒயில் விளக்கு எரியும். எஞ்சின் இயங்கி அழுத்தம் ஏறியதும் அணையும். ஓடும்போது அது எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்தவேண்டும். ஒயில் அழுத்தமின்றி ஓடினால் பெயாரிங்குகள் சில நிமிடங்களிலேயே அழிந்துபோகலாம்.

ஆனால் விளக்கை எரியவைக்கும் ஒயில் சுவிட்சே பழுதாகியும் இருக்கலாம். ஆகவே நல்ல மெக்கானிக் முதலில் ஒயிலின் அளவைப் பார்க்கிறார். பின்பு சுவிட்சைக் கழற்றி, அதே துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, உண்மையான அழுத்தத்தை அளக்கிறார். சாவியைத் திருப்பியும் விளக்கு எரியாவிட்டால் அவர் மகிழ்வதில்லை. பல்போ, வயரோ, சுவிட்சோ பழுதென்று அறிவார்.

மனச்சாட்சியும் அத்தகைய சுவிட்சே. மன்னிக்கப்பட்ட பாவத்துக்காகச் சிலரை அது இன்னும் வாதிக்கிறது; வேறு சிலர் அநியாயம் செய்துகொண்டிருக்கையிலும் மௌனமாயிருக்கிறது. தன் மனம் தன்னைக் குற்றப்படுத்தாததையே பவுல் நம்பியிருக்கவில்லை. நியாயத்தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டார் (1 கொரிந்தியர் 4). நம்மைக் குற்றப்படுத்தும் இருதயத்திலும் தேவன் பெரியவர் என்று யோவான் தேற்றுகிறார் (1 யோவான் 3).

பிரியமானவர்களே, எரியும் விளக்கின் வயரைக் கழற்றிவிடாதீர்கள். எரியாத விளக்கை நம்பி நிர்விசாரமாயும் இராதீர்கள். வேதத்தைத் திறந்து, ஜெபத்தோடு உங்களை அளந்துபாருங்கள். கர்த்தர் உண்மையைக் காண்பிப்பாராக. ஆமென்.