இருண்ட திரை

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று கேட்டு எழுதிய கடிதங் கண்டதும், எமது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடமே முதலில் எம் நினைவுக்கு வந்தது. கல்வனோமானியின் முள் அசையாதவிடத்து யாம் கருவியைப் பழித்து நிற்போம். எம் ஆசிரியரோ மின்கலத்திலிருந்து தொடங்கிக் கம்பி வழியே விரலை ஓட்டி வருவார். "குற்றந் தோன்றுமிடம் வேறு, குற்றம் உள்ளவிடம் வேறு" என்பது அவர் வாய்மொழி. அதன் பொருள் எமக்கு நன்கு விளங்கியது, தலை நரைத்த பின்னர், ஒலுவிலிலே.

ஒலுவிலை இன்று பலரும் அங்குள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தாலும், 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தாலும் அறிவர். அக்கரையோரம் மணல் வடக்கு நோக்கி நகரும் இயல்பினது. கல்லணை கடலுள் நீண்டபின் அம்மணல் தடைப்பட்டுத் துறைமுக வாயிலிற் சேர்ந்தது; வடபாற் கரையோ அரிப்புண்டது. அவ்வாறு கடல் கொண்ட தென்னங்காணிகளுள் ஒன்று, ஓய்வு பெற்ற நில அளவையாளரான எம் நண்பருடையது. யாம் அவரைக் காக்கா என்றே அழைப்போம். 1998இல் அக்கரையை அளந்து அவர் வரைந்த படம், பழைய கணினியொன்றினுள் அகப்பட்டுக் கிடந்தது.

"தம்பி, காணியைக் கடல் கொண்டு போயிற்று. படத்தையும் போக விடலாமா?" என்றார். 2016 மாசியில் யாம் சென்றோம்.

அது 1994இல் வெளிவந்த ஸ்பார்க்ஸ்டேசன் 5 என்னுங் கணினி. அதன் கனத்த கண்ணாடித் திரை பழுதாகிவிடவே, காக்கா தட்டைத் திரையொன்றை மாற்றுச் செருகியால் இணைத்திருந்தார். மின்னூட்டினால் விசிறி சுழலும்; வட்டு முனகும்; திரை மட்டும் இருண்டு கிடக்கும்.

இக்கணினி கிடை, நிலை என்னும் இருவகை ஒத்திசைவுக் குறிகளையும் ஒரே கம்பியிற் சேர்த்து அனுப்புவது. தட்டைத் திரைகள் பலவும் அவற்றை வெவ்வேறாகவே வேண்டி நிற்கும். குற்றம் அதுவே என்று துணிந்தோம். மலிவான திரை வாங்கினீர்கள் என்று காக்காவைக் கடிந்தும் கொண்டோம். சேர்ந்த குறியையும் ஏற்குந் திரையொன்றைக் கல்முனையில் இரவல் பெற்று வந்தோம். பகல் கழிந்தது, இருள் நீங்கவில்லை.

மாலையில் ஆசிரியரின் விரல் நினைவுக்கு வந்தது. திரையை விட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு வந்தோம். விசைப்பலகைச் செருகியின் ஊசிகள் உப்புக் காற்றிற் பச்சை பூத்திருந்தன. அவ்வகைக் கணினிக்கு ஒரு வழக்கமுண்டு: தொடங்கும்போது விசைப்பலகையைக் காணாவிடின், தன் சொற்களைத் திரைக்கு விடாது தொடர்வாயிலுக்கு அனுப்பிவிடும். அவ்வாயிலில் மடிக்கணினியைப் பூட்டி, விநாடிக்கு 9600 பிட் வேகம் அமைத்து மீண்டுந் தொடக்கினோம். அந்தோ! இயந்திரம் தெளிவாகப் பேசிற்று. பகல் முழுதும் அது பேசியே இருந்தது, கேட்போர்தாம் இருந்திலர்.

ஊசிகளைத் துடைத்துப் பூட்டியதும் திரையில் எழுத்துக்கள் தோன்றின. ஆயினும் ஓரம் மடிந்து நடுங்கின. 1152க்கு 900 என்னும் பழைய அளவை, விநாடிக்கு 60 முறை வரையும் 1024க்கு 768 ஆக்கினோம், நடுக்கம் நின்றது. அமைப்புக்களைக் காக்குஞ் சில்லின் மின்கலம் செத்திருந்தமையால், மின்னை நிறுத்துந்தோறும் இதனை மீண்டும் எழுதவேண்டியிருந்தது. பின்னர், மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1984இல் தொடங்கப்பெற்ற எக்ஸ் சாளர முறைமையை எழுப்பினோம். படம் விரிந்தது.

காக்கா நெடுநேரம் பேசவில்லை. வேலிக் கோட்டின் மீது விரலை வைத்துக் கடற்பக்கமாக மெல்ல நகர்த்தினார். "இதிலேதான் வாப்பா வைத்த தென்னை" என்றார். இப்பொழுது அவ்விடத்தில் அலை புரள்கின்றது. அன்றிரவே படத்தைப் பிரதி செய்து வேறிரு கணினிகளிற் சேர்த்தோம், தாளிலும் அச்சிட்டோம். அவரைக் கடிந்தமைக்கு மன்னிப்புங் கேட்டோம். அவர் சிரித்து, தேநீர் வரவழைத்தார்.

மாணவத் தம்பிகாள்! உங்கள் ஆய்வுகூடத்திலும் ஒருநாள் முள் அசையாதிருக்கும். அப்பொழுது கருவியையும் அயலாரையும் நோவாது, கம்பியின் முதற்றலையிலிருந்து விரலை ஓட்டுங்கள். எமக்கு அதனைக் கற்பித்த கல்லூரி நீடு வாழ்க!