கணக்கை வாசித்தல்

எண்ணையும் எழுத்தையும் இணைத்துக் கூறுதல் தமிழர் மரபு. செய்யுளாலான கணக்கதிகாரத்தைக் கற்கப் புகுந்த மாணாக்கன், கணக்கைச் செய்யுமுன் செய்யுளுக்குப் பொருள் காண வேண்டியவனாயிருந்தான். வாசிப்பும் கணிப்பும் அவனுக்கு ஒரே தொழிலின் இரு படிகள். இன்றைய ஆரம்பப் பாடசாலையிலோ அவ்விரண்டுக்குமிடையே மணி அடிக்கின்றது. மணிக்கு முன் தமிழ். மணிக்குப் பின் கணிதம். முதற் பாடவேளையில் ஒரு பந்தியை வாசித்து, அதன் கருத்தைத் தம் சொல்லிற் கூறிய பிள்ளைகள், அடுத்த பாடவேளையில் மூன்றே வசனங்கள் கொண்ட கணக்கை வாசியாமல், அதிலுள்ள எண்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கூட்டவோ கழிக்கவோ தொடங்கிவிடுகின்றனர்.

தரம் 5 இற்குக் கற்பித்த ஆசிரியை ஒருவர் இதனை உணர்ந்தது கொப்பி திருத்திய ஒரு நாளிலாகும். கணக்கு எளியது: “கமலாவிடம் 24 மாங்காய்கள் உள்ளன. அவை விமலாவிடம் உள்ளவற்றைவிட 6 கூட. விமலாவிடம் உள்ள மாங்காய்கள் எத்தனை?” ‘கணக்கு வராத பிள்ளை’ என்று பெயர் வாங்கிய சிறுமி ஒருத்தி 30 என எழுதியிருந்தாள். சிவப்பு மையாற் பிழையிட்ட ஆசிரியை, ஏதோ தோன்ற அவளை அருகழைத்தார்.

“ஆரிட்டைக் கூட இருக்குது, பிள்ளை?”

“கமலாவிட்டை, ரீச்சர்.”

“கமலாவிட்டை இருபத்துநாலுதானே? அப்ப விமலாவிட்டை எப்பிடி முப்பது வந்தது?”

சிறுமி சிறிது நேரம் கொப்பியையே பார்த்து நின்றாள். பின்னர், “நீங்கள்தானே ‘கூட’ எண்டு வந்தாக் கூட்டச் சொன்னனீங்கள்” என்றாள்.

அவள் கூறியது உண்மை. ‘கூட’ என்றால் கூட்டுக, ‘குறைய’ என்றால் கழிக்குக என்னும் சூத்திரத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவர் அவ்வாசிரியையே. பரீட்சைக்கு விரைவாக ஆயத்தஞ் செய்யும் நோக்குடன் தரப்பட்ட அச்சூத்திரம், வசனத்தை வாசிக்கும் தேவையையே பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டது. இருபத்து நான்கையும் ஆறையும் அவள் பிழையின்றியே கூட்டியிருந்தாள். பிழை கணிப்பில் நேர்ந்ததன்று, வாசிப்பில் நேர்ந்தது.

1977 இல் அவுஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பார் இத்தகைய பிழைகளை வகுத்து ஆராய்ந்தார். வாசித்தல், விளங்கிக்கொள்ளல், கணித வடிவிற்கு மாற்றல், கணித்தல், விடையை எழுதுதல் என ஐந்து படிகளை அவர் கண்டார். ஆறாந் தர மாணாக்கர் விட்ட பிழைகளுள் ஏறத்தாழப் பாதி, கணித்தல் என்னும் படியை எட்டுமுன்னரே நேர்ந்தவை. அவ்வாறாயின், வாய்பாட்டை மீண்டும் மீண்டும் ஒப்புவிக்கச் செய்வதனால் மட்டும் அவை எவ்வாறு நீங்கும்?

தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளைக்குச் சில தனித் தடைகளும் உள. மேற்கூறிய கணக்கின் போக்கை நிர்ணயிப்பது ‘விட’ என்னும் சிறு சொல்லுருபாகும். அதனைக் கவனியாது செல்லும் கண், கணக்கையே தவறவிடுகின்றது. ‘நான்கில் மூன்று’ என்னும்போது தமிழ் பகுதியெண்ணை முதலிற் கூறுகின்றது. குறியீட்டிலோ தொகுதியெண்ணே மேலே நிற்கின்றது. ‘முற்றத்தைக் கூட்டு’ என்று வீட்டிற் கேட்கும் சொல், வகுப்பறையில் வேறு பொருள் கொள்கின்றது. இவை இலக்கண வகுப்பிற்கு மட்டும் உரியவை எனக் கணித ஆசிரியர் ஒதுங்குதல் பொருந்தாது.

அந்நிகழ்ச்சியின் பின் ஆசிரியை சூத்திரத்தை அழித்தார். கணக்கை மும்முறை வாசிப்பித்தார். முதல் வாசிப்பில் எண்களைக் கையால் மறைத்து, நிகழ்வது யாதெனப் பிள்ளைகள் கதையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதில், கேட்கப்படுவது யாதெனத் தம் சொல்லிற் கூற வேண்டும். மூன்றாவதிலேயே எண்களை நோக்கி, படமொன்று வரைந்து, செய்கையைத் தெரிய வேண்டும். விடை கண்டபின் அதனைக் கதையுட் பொருத்தி மீண்டும் வாசித்தல் இறுதிப் படி. விளங்கிக்கொள்ளல், திட்டமிடல், செய்தல், திரும்பிப் பார்த்தல் என ஜோர்ஜ் பொல்யா 1945 இல் வகுத்த நான்கு படிகளுக்கும், தமிழ்ப் பாடத்தில் ஒரு பந்தியை ஆராயும் முறைக்கும் உள்ள உறவு இங்கு தெளிவாகின்றது.

திரும்பிப் பார்த்தலின் பயன் விரைவில் வெளிப்பட்டது. ஒரு வானில் 12 பேர் செல்லலாமாயின் 40 பேர் செல்ல எத்தனை வான்கள் வேண்டும் என்ற கணக்கிற்குப் பலர் ‘3, மீதி 4’ என எழுதினர். விடையைக் கதையுட் பொருத்தியபோது, “அந்த நாலு பேரும் றோட்டிலையோ நிக்கிறது?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது, விடை 4 வான்கள் ஆயிற்று.

இம்முறைக்கு நேரம் வேண்டும். பத்துக் கணக்குகள் செய்த பாடவேளையில் நான்கே முடிந்தன. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, பெற்றோர் சிலர் கவலையுற்றதும் இயல்பே. வாய்பாடு அறியாத பிள்ளைக்கு வாசிப்பு மட்டும் விடை தந்துவிடாது என்பதையும் மறுத்தற்கில்லை. எனினும், வாசியாமற் செய்யும் பத்தினும் வாசித்துச் செய்யும் நான்கு மேலானவை.

தவணை முடிவில், தாமே ஒரு கணக்கை ஆக்கி வருமாறு ஆசிரியை பணித்தார். முன்னர் 30 என எழுதிய சிறுமி தன் தம்பியின் வயதைக் கேட்டு ஒரு கணக்கு எழுதி வந்தாள். அதில் ‘கூட’ என்னும் சொல் இருந்தது. விடை காணக் கழிக்க வேண்டியிருந்தது. அப்பிள்ளைக்குக் கணக்கு வராமலிருக்கவில்லை. கணக்கும் வாசிக்கத்தக்கதே என்பதை அவளுக்கு எவரும் சொல்லாமலிருந்தனர்.