மதிலோரப் பாத்தி

கொல்லையில் கறிவேப்பிலை இல்லாத குடித்தனம் குடித்தனமே அன்று என்பது என் மனைவியின் கொள்கை. ஆதலால் தில்லிக்குக் குடிவந்த முதல் ஆடியிலேயே, கொல்லையின் தென்புறத்து ஆறடி மதிலையொட்டிப் பாத்தி அமைத்தேன். சுவரில் ஈரம் ஏறாதிருக்க ஓரடி இடம் விட்டேன். நடுவில் கை எட்டும்படி மூன்றடி அகலம் கொத்தி, மட்கிய சாணமிட்டேன்.

அவள் தன் தாய்வீட்டிலிருந்து இரு கன்றுகள் கொணர்ந்திருந்தாள். தாயார் மறைந்து அவ்வீடும் கைமாறிய பின்னர் எஞ்சியவை அவையே. ஒன்றைப் பாத்தியில் நட்டோம். மற்றொன்றை, மதிலுக்கு அப்பால் வாழும் பஞ்சாபி மூதாட்டியாருக்குக் கொடுத்தாள்.

எங்கள் கன்று தையில் பட்டுப்போயிற்று. இரவில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கிய குளிர் ஒரு காரணம். என் அறியாமை மற்றொன்று. மார்கழியில் கதிரவன் தென்திசையில் தாழ்ந்து செல்கிறான். அப்போது நண்பகலில் ஆறடி மதிலின் நிழல் சென்னையில் ஏறத்தாழ நாலரை அடி. தில்லியிலோ ஏழரை அடிக்கும் மேல். பாத்தி முழுவதும் நிழலில் மூழ்கியதை நான் கவனிக்கவில்லை.

“இந்த மண் நம்மை ஏற்காது, ஊருக்கே போய்விடுவோம்” என்றாள் மனைவி. மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை.

பங்குனியில் ஒருநாள், “பேட்டி!” என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது. சென்று பார்த்தோம். குளிரில் இலையுதிர்த்து நின்ற மற்றக் கன்று தளிர் விட்டிருந்தது! மதிலின் அப்புறம் தெற்கு நோக்கியது, பகலெல்லாம் வெயில். இரவில் அவ்வம்மையார் அதைச் சாக்கினால் போர்த்திக் காத்திருக்கிறார். என் மனைவி அத்தளிரைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள். ஊருக்குப் போகும் பேச்சு அன்றோடு ஓய்ந்தது.

எங்கள் பாத்தியில் இப்போது மஞ்சள் வளர்கிறது. சித்திரையில் நடுகிறோம். கோடையில் கதிரவன் உச்சிக்கு அருகில் வருவதால் மதிலின் நிழல் குறுகிவிடும். சிறிது நிழலை மஞ்சளும் பொறுக்கும். நிழல் நீளும் மார்கழிக்குள் இலை காய்ந்து கிழங்கு முற்றிவிடுகிறது.

அவர்களுக்கு லோடி, மறுநாள் எங்களுக்குப் பொங்கல். எங்கள் மஞ்சள் மதிலைத் தாண்டிச் செல்கிறது. வேர்க்கடலையும் எள்மிட்டாயும் இப்பால் வருகின்றன. கறிவேப்பிலையோ ஆண்டு முழுவதும் எங்கள் ரசத்திலும் அவர்களுடைய ‘கடி’யிலும் ஒருசேர மணக்கிறது.

எங்களுக்கென்று வைத்துக்கொண்டது பட்டுப்போயிற்று, கொடுத்தது நிலைத்தது.