இருபது காசு

நாவல் எழுதுகிறவனுடைய மேஜையில் நாவல்களைக் காணோம், ஒரே அகராதியாக அடுக்கியிருக்கிறதே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. சொற்கள் எங்கிருந்து பிறந்தன என்று சொல்லுகிற புஸ்தகங்கள் அவை. பொழுது போகவில்லை என்று ஒன்றை எடுத்தால் பொழுது போய்விடும். கதை அனுப்புவதாகப் பத்திரிகைக்குச் சொன்ன தேதியும் சேர்ந்து போய்விடும். "எல்லாம் ஒரு பைத்தியம்தான்" என்று சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையான காரணம் என் சித்தப்பா.

சித்தப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். கார்டும் கவரும் விற்ற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சொல் ஆராய்ச்சி. நீளவாட்டில் பைண்டு செய்த கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். இடது பக்கம் சொல். வலது பக்கம் அது பிறந்த கதை. ஆதாரம் என்று எதையும் அவர் தேடிப் போனதில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். காரணம் தானாக வந்துவிடும். ஜன்னல் என்பது சன்னல். சன்னமாகக் காற்று வருகிற வழி, ஆகையால் சன்னல். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! அது போர்ச்சுகீசியருடைய 'ஜனேலா' என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. அலமாரியும் சாவியும்கூட அவர்கள் கப்பலில் வந்து இறங்கிய வார்த்தைகள்தான்.

அந்த நோட்டில் முதல் பக்கத்து முதல் சொல், காசு. 'கேஷ்' என்கிற இங்கிலீஷ் வார்த்தை நம்முடைய காசிலிருந்து போனது என்பது சித்தப்பாவின் கட்சி. தினம் சாயங்காலம் கணக்கு முடித்து, கேஷை எண்ணி, பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மனுஷர். மேலதிகாரி யாராவது சோதனைக்கு வந்து, "கேஷ் சரியாக இருக்கிறதா?" என்று உருட்டி விழிக்கும்போதெல்லாம், 'நீ மிரட்டுகிற வார்த்தையே எங்கள் வார்த்தைதானடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாராம். அது அவருக்கு ஒரு பலம்.

நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். முதல் வருஷம் லைப்ரரியில் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்று அகப்பட்டது. கையடக்கமானது. கேஷைத் தேடினேன். பிரெஞ்சிலும் இத்தாலியிலும் பெட்டிக்குப் பெயரான ஒரு சொல். அதற்கும் மூலம் லத்தீனில் 'காப்ஸா'. முதலில் பணம் வைக்கிற பெட்டி, அப்புறம் பெட்டியில் இருக்கிற பணம். காகிதத்தில் குறித்துக்கொண்டேன். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் கால் கழுவின ஈரம் காய்வதற்குள் அதை நீட்டிவிட்டேன். பதினேழு வயசு. அந்த வயசில் பெரியவர்களைத் திருத்துவதைப் போன்ற ருசி வேறு எதிலும் இருப்பதில்லை.

சித்தப்பா காகிதத்தை இரண்டு தரம் படித்தார். ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைச் செல்லத்தின் அடியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1808ல் சென்னை ராஜதானிக்காக அடித்த நாணயம். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் கீழே ரோமானிய எண்ணில் இருபது. பக்கத்திலேயே இங்கிலீஷில் 'கேஷ்'.

"இது என்னடா போட்டிருக்கான்?"

"அவர்கள் பாஷையில் பணத்துக்குக் கேஷ் என்று பெயர். அதைப் போட்டிருக்கிறார்கள், சித்தப்பா."

"அப்படியா?" என்றார். நாணயத்தைத் திருப்பி வாங்கிச் செல்லத்துக்குள் போட்டுக்கொண்டார். "புஸ்தகத்திலே போட்டிருக்கான் என்றால் சரியாகத்தான் இருக்கும்." சித்தி சாப்பிடக் கூப்பிட்டாள். அன்றைக்கு வடை நன்றாக இருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்தப்பா சாப்பிட்டாரா என்பது ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் நோட்டு வெளியே வருவது நின்றுபோயிற்று. கதைகள் எழுதினேன், கல்யாணம் ஆயிற்று, சென்னைக்குக் குடிவந்தேன். சித்தப்பா காலமானார். அவர் போய் மூன்று வருஷம் கழித்து, பழைய புஸ்தகக் கடை ஒன்றில் அட்டை கழன்ற நிலையில் 'ஹாப்ஸன் - ஜாப்ஸன்' கிடைத்தது.

பெயரைப் பார்த்து யாரோ இரண்டு துரைகள் எழுதியது என்று நினைத்துவிடக் கூடாது. துரைகள் இரண்டு பேர்தான்; ஆனால் பெயர் ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல். மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹஸன், யா ஹுஸேன்' என்று மாரடித்துக்கொண்டு போகிறவர்களின் குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் இப்படி விழுந்ததாம். இந்தியாவிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்களின் அகராதிக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனையில் இருந்த ஸம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு ஜாபிதா போட்டவர். புஸ்தகம் 1886ல் வெளிவந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. 1882ல் 42 வயசில் போய்விட்டார். சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் கடல் தாண்டி என்ன வேஷம் போட்டுக்கொண்டன என்று அதில் பார்க்கலாம். நம் வீட்டு டீப்பாய்கூட இருக்கிறது. ஹிந்துஸ்தானியில் மூன்று கால் உள்ளது என்று அர்த்தம். டீக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டீ வைப்பதால்தான் அந்தப் பெயர் என்று நினைத்த இங்கிலீஷ்காரர்களும் என் சித்தப்பாவும் ஒரே ஜாதி.

கடையிலேயே நின்றுகொண்டு கேஷைப் புரட்டினேன். இருந்தது. தமிழ்க் காசு. அல்லது அதைப் போன்ற ஒரு கொங்கணி வடிவம். அதைப் போர்ச்சுகீசியர் 'கைஷா' ஆக்கினார்கள். கைஷாவிலிருந்து இங்கிலீஷ்காரருடைய கேஷ். சென்னைக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன்; 1818ல் ரூபாய்க் கணக்கு வரும்வரை அதுதான் நடப்பு.

அதாவது இங்கிலீஷில் கேஷ் ஒன்று இல்லை, இரண்டு. ஒரே பெயர் வைத்துக்கொண்ட இரண்டு வேறு ஆசாமிகள். ரொக்கம் என்ற கேஷ் லத்தீன் பெட்டியிலிருந்து வந்தது. சில்லறை நாணயமான கேஷ் நம் காசு. குழப்பம் போதாது என்று போர்ச்சுகீசிய மொழியில் பெட்டிக்கும் கைஷா என்றுதான் பெயர். சித்தப்பா பெட்டியில் வைத்துப் பூட்டிய கேஷைப் பற்றி நான் சொன்னது சரி. என் உள்ளங்கையில் அவர் வைத்த கேஷைப் பற்றி அவர் சொன்னது சரி. நான் பார்த்த சின்ன அகராதியில் ஒன்றுதான் இருந்தது. அதற்கு மேலும் ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. 'இருபது ரொக்கம்' என்று எந்தக் கம்பெனியாவது நாணயத்தில் அடிக்குமா என்றுகூடத் தோன்றவில்லை. (காசு என்பதே ஸம்ஸ்கிருதக் 'கர்ஷ'த்தின் வழி என்று இன்னொரு கட்சி உண்டு. நல்லவேளை, சித்தப்பா காதில் அது விழவில்லை.)

அதிலிருந்துதான் இந்தப் புஸ்தகங்கள் சேர ஆரம்பித்தன. கதை எழுதுகிறவனுக்கு இவற்றில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு சொல்லுக்குச் சொல்லப்படும் காரணம் ரொம்ப அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது, கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது. இது யாரோ என் தொழில்காரன் கட்டினது அல்லவா? 'போஷ்' என்றால் பகட்டு. இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது இடது பக்க அறை, திரும்பும்போது வலது பக்க அறை என்று வெயில் படாத பக்கமாகப் பணக்காரர்கள் கேட்பார்களாம். அந்த நாலு இங்கிலீஷ் வார்த்தைகளின் முதல் எழுத்துக்களாம். அருமையான கதை. கப்பல் கம்பெனியின் பழைய காகிதங்களில் அப்படிச் சீட்டுக் கொடுத்ததற்கு அடையாளமே இல்லை. ஆக்ஸ்போர்டு அகராதி 'மூலம் தெரியவில்லை' என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறது.

தெரியவில்லை என்று அச்சில் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எல்லாச் சொல்லுக்கும் பொருள் உண்டு, ஆனால் அதன் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்று தொல்காப்பியர் அன்றைக்கே எச்சரித்திருக்கிறார். 1961ல் பர்ரோவும் எமனோவும் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் கதையே கிடையாது. தமிழில் கண், தெலுங்கில் கன்னு, பலுச்சிஸ்தானத்துப் பிராகூயி மொழியில் ஏறக்குறைய 'கன்' என்று உறவுக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சித்தப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தியிடம் நோட்டைக் கேட்டேன். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். காசு என்ற சொல்லின் மேலும் அதன் கதையின் மேலும், தபாலாபீஸ் கணக்கில் தப்பு எழுதினால் அடிப்பதுபோல, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'தவறு. பையன் புஸ்தகம் பார்த்துச் சொன்னான்.' கீழே கையெழுத்து, தேதி. பொங்கலுக்கு மறுநாள் தேதி.

ஜன்னலை அவர் அடிக்கவில்லை. நான் சொல்லாததால் அது அப்படியே இருக்கிறது.

பேனாவை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், 'பாதி சரி' என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதுகிறாய் என்று சித்தி கேட்டாள். சொன்னேன். அவளுக்கு அது அவ்வளவாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய்ச் செல்லத்தைத் துழாவி, நாணயத்தை எடுத்துவந்து, "இதையும் நீயே வைத்துக்கொள். இங்கே யாருக்கு வேணும்?" என்று கொடுத்தாள்.

இப்போது அது மேஜைமேல், அகராதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நன்றாகத் தேய்ந்துவிட்டது. இருபது என்பது விரலுக்குத் தட்டுப்படுகிறது. கேஷ் என்ற எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது.